வீடு இங்கே, சாவி அங்கே: ரிச்சி தெருவில் ஒரு நாள்

ரிச்சி தெருவுக்கு வழி கேட்டால் மெட்ராஸில் யாரும் இடது, வலது என்று சொல்வதில்லை. “ரிப்பேரான சாமான் ஏதாச்சும் ஒண்ணைக் கையில தூக்கிட்டு காஸினோ தியேட்டர் பக்கம் நில்லுங்க. தானா கூட்டிட்டுப் போயிடுவாங்க” என்பார்கள்.

உண்மைதான். அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் பத்தடி வைத்திருப்பீர்கள். “ஸார், லேப்டாப்பா?” “அண்ணே, டிஸ்ப்ளே மாத்தணுமா?” “கேமரா பாக்கறீங்களா ஸார், நாலு கேமரா செட்டு?” என்று வரிசையாகக் குரல் வரும். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள்கூட இவ்வளவு பிரியமாக வரவேற்பதில்லை. ரிச்சி தெரு என்று ஊர் சொல்வது உண்மையில் ஒரு தெருவே அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு, நடுவில் இருக்கும் சந்து பொந்துகள், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சால்டரிங் கடைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ரிச்சி தெரு. ரயிலில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நடந்து வந்துவிடலாம். 2019 பிப்ரவரியிலிருந்து இந்த வசதி. பைக்கில் வந்தால் அதை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரையே அசெம்பிள் பண்ணிவிடலாம்.

இந்தத் தெருக்களைத் தன் மடியில் வைத்திருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கு வயது கொஞ்சநஞ்சமல்ல. 1734-ல் மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கம்பெனிக்குத் துணி வேண்டும் என்று நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு என்பதால் எனக்கு இது கொஞ்சம் பிடிக்கும். 1800-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஜாக்கார்ட் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளைக் காட்டித் தறிக்கு டிசைன் சொல்லிக் கொடுத்தார். அந்த ஓட்டை அட்டைதான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே பேட்டைக்காரர்கள் தொழிலை முழுசாக மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது!

மீரான் சாகிப் தெருவுக்கு இன்னொரு முகம் இருந்தது. சினிமா விநியோகஸ்தர்களின் தெரு. வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ் என்றால் எந்த ஏரியா என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் இங்கேதான் பேசி முடியும். படப்பெட்டி என்ற சாமானே உலகத்திலிருந்து போய்விட்டது. இப்போது படமும் ஹார்ட் டிஸ்க்கில்தான் தியேட்டருக்குப் போகிறது, அல்லது சாட்டிலைட்டில் இறங்குகிறது.

ஹார்ட் டிஸ்க் என்றதும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதம் 18-ம் தேதி நான் இந்தத் தெருவுக்குப் போனது வேடிக்கை பார்க்க அல்ல. விழுப்புரத்திலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. வயது 61. பதினாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். மளிகை, அரிசி மண்டி, பெயிண்ட் கடை, ஒரு டயர் கடை. பேரேடு காலத்திலிருந்து எழுதி, டேலி வந்ததும் டேலிக்கு மாறி, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருக்க, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டவர். நான் பி.காம். சேர்ந்ததற்கே அவர்தான் காரணம். (நான் கணக்கை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருப்பதை அவர் இன்னும் ஒரு ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’டாகத்தான் வைத்திருக்கிறார். என்றைக்காவது நேராகும் என்ற நம்பிக்கை.)

மாதாமாதம் 20-ம் தேதிக்குள் 3-பி ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் நாளைக்கு 50 ரூபாய் அபராதம், கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. இதை மாமா கடைக்காரர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் பேர் வாங்கினார். 17-ம் தேதி காலை அவருடைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு ஐயா. ரெண்டுமே போயிடுச்சு. ஃபார்மட் அடிச்சா ஓடும்” என்றிருக்கிறார். ஃபார்மட் என்றால் என்ன என்று மாமாவுக்குத் தெரியும். ராத்திரி எனக்கு போன்.

“பேக்-அப் இருக்கில்ல மாமா?”

“இருக்குடா. டி டிரைவ்ல டேலி டேட்டா. தினமும் சாயங்காலம் ஈ டிரைவ்ல பேக்-அப் எடுத்துடுவேன். ஒரு நாள் விட்டதில்லை.”

டி-யும் ஈ-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாகங்கள். ஒரே சட்டையின் இரண்டு பாக்கெட்டுகள். சட்டையே தொலைந்தால்? இதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “கிளம்பி வாங்க” என்றேன்.

பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவான், அங்கிருந்து சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பயணம் போக வேண்டும் என்று ரயிலில் வந்தார். எழும்பூரில் நான் போனபோது பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய வேட்டியில் சுற்றிய சி.பி.யூ. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் மாதிரி இருந்தது. ஆட்டோவில் புதுப்பேட்டை வழியாகக் கூவத்தைத் தாண்டினோம். கூவத்துக்கு அந்தப் பக்கம் காரைப் பிரித்து விற்கிறார்கள், இந்தப் பக்கம் கம்ப்யூட்டரை. நடுவில் ஆறு, எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி.

முதலில் நுழைந்த கடையில் ஏ.சி. இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது. இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். “டேட்டா ரெக்கவரி தனி சார்ஜ். முப்பதாயிரம் ஆகும். பத்து நாள் ஆகும். பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேர்த்து. பில் வேணாம்னா கொஞ்சம் கொறைச்சுக்கலாம்.”

பில் வேண்டாமா என்று கேட்டது யாரிடம்! மாமா எதுவும் பேசவில்லை. வேட்டியை மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது, ஒரு மாடிப்படி ஏறிப் போகும் கடை. எட்டுக்குப் பத்து அறை. சுவர் பூராவும் வயர். மேஜையில் அரைக் கிளாஸ் டீ. அதற்குப் பின்னால் ஒரு தம்பி, இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும். மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் அவன் கேட்ட ஒரு கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று நினைத்தேன்.

“ஸ்கிரீன்ல என்ன எழுதியிருந்துச்சு ஐயா? கரெக்டா?”

சாதாரணமாக இதற்கு எல்லோரும் சொல்லும் பதில், “ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சுப்பா” என்பது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். பென்சிலில் எழுதியிருந்தது. 17-ம் தேதி, காலை 9.10, இரண்டு டிஸ்க்கும் மாட்டியபடி: ‘ஏ டிஸ்க் ரீட் எரர் அக்கர்டு’. அதே நாள் 11.40, பெரிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சின்னது மட்டும்: ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’. நாற்பது வருஷம் நாள்வழி ஏடு எழுதிய கை. வேறெப்படி இருக்கும்?

தம்பி நோட்டை இரண்டு தரம் படித்தான். “ஸார், ரெண்டு மெசேஜும் வேற வேற. ரெண்டு டிஸ்க்கும் ஒரே நாள்ல சாவறதுக்கு இடி விழணும். இல்ல பவர் சப்ளை போவணும். இது அது இல்ல” என்றான்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஸ்விட்ச் போட்டதும் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. முதலில் எழுந்திருப்பது போர்டில் இருக்கும் பயாஸ். அதை ஒரு அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சீட்டு: முதலில் இந்த டிஸ்க்கின் கதவைத் தட்டு, அங்கே இல்லாவிட்டால் அடுத்தது. வாட்ச்மேன் டிஸ்க் முழுவதையும் படிக்க மாட்டார். முதல் 512 பைட்டை மட்டும் பார்ப்பார். தமிழில் இரண்டு மூன்று வரி எழுதினால் தீர்ந்துவிடும் இடம் அது. அதற்குள் ஒரு குட்டி புரோகிராம் இருக்கும். ‘இந்த டிஸ்க்கில் இந்தப் பாகத்தில் போய்ப் பார், ஆள் இருக்கிறார்’ என்று கை காட்டும். அங்கே இருக்கிற பூட் மேனேஜர்தான் விண்டோஸை எழுப்பி உட்கார வைக்கும். (புதிய மெஷின்களில் யூ.ஈ.எஃப்.ஐ. என்று வேறு முறை. அதில் சாவிக்கென்றே தனியாக ஒரு சின்ன அறை ஒதுக்கியிருப்பார்கள். தகராறு மட்டும் அதே தகராறுதான்.)

ஒரே ஒரு டிஸ்க் இருந்தால் குழப்பமில்லை. இரண்டு வந்தால்தான் ஆபீஸ் பாலிடிக்ஸ் ஆரம்பமாகிறது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 90-களில் பட்டையாக ரிப்பன் மாதிரி ஒரு கேபிள் வரும். 40 பின். ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். யார் மாஸ்டர் என்பதை டிஸ்க்கின் முதுகில் கடுகு சைஸில் இருக்கும் ஜம்பர் என்கிற தொப்பியை மாற்றிப் போட்டு முடிவு பண்ண வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று போட்டுவிட்டால், ஒரே சீட்டில் இரண்டு மேனேஜர் உட்கார்ந்த மாதிரி, வேலை நடக்காது. தொப்பி கீழே விழுந்தால் ஆபீஸே குனிந்து தேடும். 2003-க்குப் பிறகு சாட்டா வந்தது. ஆளுக்கு ஒரு கேபிள், எஜமான் அடிமை என்ற பேச்சில்லை. ஆனால் வாட்ச்மேனின் சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

தம்பி மாமாவிடம் வரலாறு கேட்டான். மெஷின் 2013-ல் வாங்கியது. 500 ஜி.பி. டிஸ்க், விண்டோஸ் 7. நாலைந்து வருஷம் முன்னால் ‘ஸ்லோவா இருக்கு’ என்று யாரோ ஒரு புண்ணியவான் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சேர்த்து, அதில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார். பழைய டிஸ்க் டேட்டாவுக்கு என்று உள்ளேயே இருந்தது.

“விண்டோஸ் போடறப்ப பழைய டிஸ்க்கைக் கழட்டினாங்களா ஐயா?”

“இல்லப்பா. பக்கத்துலயே இருந்தேன். ரெண்டும் மாட்டித்தான் இருந்தது.”

தம்பி சிரித்தான். “வீட்டைப் புதுசா இங்க கட்டிட்டு, சாவியைப் பழைய வீட்டு ஆணியிலயே மாட்டி வெச்சிருக்காங்க.”

விஷயம் இதுதான். விண்டோஸைப் புதிதாகப் போடும்போது, ‘ஏற்கெனவே பூட் ஃபைல்கள் வைக்கிற இடம் ஏதாவது இருக்கிறதா’ என்று அது சுற்றிப் பார்க்கும். முதல் டிஸ்க்கில் பழைய விண்டோஸ் விட்டுப்போன 100 எம்.பி. பாகம் ஒன்று இருந்தால், ‘ஆகா, இருக்கே’ என்று சாவியை அங்கேயே போட்டுவிடும். ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதும் புது டிஸ்க்கில், அதை எழுப்புகிற ஆள் பழைய டிஸ்க்கில். இரண்டும் உள்ளே இருக்கிறவரை யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் ஓடும். என்றைக்காவது பழைய டிஸ்க் மூச்சு முட்ட ஆரம்பிக்கும்போது, சம்பந்தமே இல்லாத புது டிஸ்க்கும் செத்தமாதிரி படுத்துக்கொள்ளும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘பூட் டிவைஸ் எங்கே?’ என்று கேட்கும். பார்க்கிறவர் ‘ரெண்டும் போச்சு’ என்பார். ரொம்ப நியாயமான முடிவு, ரொம்பத் தப்பான முடிவு.

சொன்னதை நிரூபிக்க அவன் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, ஒரு யு.எஸ்.பி. வயரில் மாட்டித் தன் லேப்டாப்பில் செருகினான். விண்டோஸ் ஃபோல்டர் இருந்தது. மாமாவின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. டெஸ்க்டாப் படம் இருந்தது, திருவண்ணாமலை கோபுரம். மாமா கோபுரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது நல்லா இருக்கு. இதுல பிரச்சினை இல்ல. இப்ப பெரியவரைப் பாக்கணும்” என்று 500 ஜி.பி.யை எடுத்தான். மாட்டுவதற்கு முன் ஒன்று சொன்னான். “டக் டக்னு சத்தம் வந்துச்சுன்னா உடனே பவரை எடுத்துடுவேன். அப்புறம் நான் தொட மாட்டேன். அது லேப் வேலை. நாலு தடவை ஆன் பண்ணிப் பாக்கலாம்னு பாத்தா, உள்ள தட்டைக் கீறிடும்.”

நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டோம். தெருவில் மீன்பாடி வண்டிக்காரர் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். டிஸ்க் சுற்றியது. லேசாக விர்ர்ர். டக் இல்லை.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ‘ஸ்மார்ட்’ என்றொரு குறிப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தான். படிக்க முடியாத செக்டார்கள் கொஞ்சம் சேர்ந்திருந்தன. விண்டோஸ் வழியாக ஃபைல் ஃபைலாகக் காப்பி எடுத்தால் கெட்ட இடத்தில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டும், டிஸ்க் இன்னும் கெடும் என்றான். அதனால் லினக்ஸில் ‘டிடி-ரெஸ்க்யூ’ என்று ஒரு இலவச புரோகிராம். அது புத்திசாலி. நல்ல இடங்களை முதலில் வேகமாக எடுத்துவிடும். கெட்ட இடம் வந்தால் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். பரீட்சையில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிடு என்று வாத்தியார் சொல்வாரே, அதே டெக்னிக். டிஸ்க் முழுவதையும் அப்படியே புது 1 டி.பி. டிஸ்க்குக்கு ஏற்ற வேண்டும். புது டிஸ்க் நாலாயிரத்துச் சில்லறை, பில்லோடு.

“எவ்ளோ நேரம் ஆகும் தம்பி?”

“நல்லா இருந்தா ரெண்டு மணி நேரம். சுரண்டுறதுக்கு எவ்ளோ ஆகும்னு அதுதான் சொல்லணும். வெச்சிட்டுப் போறதுன்னாலும் போங்க.”

வைத்துவிட்டுப் போவதா? பதினாலு கடைகளின் வரவு செலவு அதில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன், யார் எவ்வளவு வட்டி கட்டுகிறார் என்பதெல்லாம் இருக்கிறது. ஒரு கடைக்குப் பழைய வருஷத்துக்கு நோட்டீஸ் வந்து பதில் எழுத வேண்டிய நிலை. ஜி.எஸ்.டி. கணக்கை வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மாமா ஒரு ஸ்டூலை இழுத்து டிஸ்க்குக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “நீ போய்ச் சாப்பிட்டு வாடா. நான் இருக்கேன்.”

எனக்கு அஞ்சு மணி நேரம் கிடைத்தது. ரிச்சி தெருவைப் பார்க்க அது போதாது.

இங்கே கடை போர்டைப் பார்த்து நடக்கக்கூடாது, கையைப் பார்த்து நடக்க வேண்டும். ஒரு கை போன் டிஸ்ப்ளேயை உரித்துக்கொண்டிருக்கிறது, வாழைப்பழத் தோல் மாதிரி. ஒரு கை ரெசிஸ்டர்களை எண்ணிப் பொட்டலம் கட்டுகிறது. என்ஜினீயரிங் மாணவர்கள் நாலைந்து பேர் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, சென்சார், மோட்டார், குட்டி போர்டு என்று பிராஜெக்டுக்குப் பர்ச்சேஸ் செய்கிறார்கள். சீட்டைப் பார்த்ததுமே கடைக்காரர் எந்த பிராஜெக்ட் என்று சொல்லிவிடுகிறார். “லைன் ஃபாலோயரா? வீல் ரெண்டு செட்டா வாங்கிக்கப்பா, ஒண்ணு உடையும்.” வைவா கேள்வியும் கேட்பார் போலிருந்தது.

ஒரு காலத்தில் இங்கே ரேடியோ உதிரி பாகங்கள்தான் பிரதானம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு டேப் ரிக்கார்டர், டி.வி., அப்புறம் கம்ப்யூட்டர், செல்போன், இப்போது கண்காணிப்பு கேமரா. சரக்கு மாறும், சத்தம் மாறாது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து அங்கிருந்த ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் முழுகியபோது உலகம் பூராவும் டிஸ்க் விலை எகிறியது. பாங்காக் பக்கம் மழை பெய்தால் சிந்தாதிரிப்பேட்டையில் விலை ஏறும் என்பதைப் பொருளாதாரப் புத்தகத்தில் நாங்கள் படித்ததில்லை.

நடந்துகொண்டே ஒன்று நினைத்துப் பார்த்தேன். உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. 24 இஞ்ச் தட்டுகள் 50 அடுக்கி, ஏறக்குறைய ஒரு டன் எடையில், 50 லட்சம் எழுத்துக்கள் வைத்துக்கொள்ளும். மாமா அதை மடியில் வைத்து எழும்பூர் வந்திருக்க முடியாது. இன்றைக்கு அதே அளவு, போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குச் சரியாகப் போகும்.

ஒரு லெமன் சோடா, இரண்டு சமோசா. மாமாவுக்கு ஒரு பார்சல் தயிர் சாதம். திரும்பிப் போனபோது மணி நாலு. ஸ்டூலில் மாமா அப்படியே இருந்தார். ஆனால் நோட்டில் புதுப் பக்கம் ஆரம்பமாகியிருந்தது. ஒவ்வொரு அரை மணிக்கும் திரையில் எத்தனை சதவீதம் என்று எழுதி வைத்திருந்தார். 12.30 - 31. 1.00 - 48. சாப்பாட்டைப் பார்க்கவில்லை. “தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பதுல நிக்கிதுடா. சுரண்டுது.”

தம்பி அந்த நேரத்தில் மற்ற வேலையைச் செய்துகொண்டிருந்தான். எஸ்.எஸ்.டி.யை மட்டும் மெஷினில் மாட்டி, வேறு எதையும் மாட்டாமல், விண்டோஸ் பென் டிரைவில் கிளப்பினான். கறுப்புத் திரை. அந்தப் பாகத்தை ‘ஆக்டிவ்’ என்று குறித்தான். பிறகு ‘பிசிடி-பூட்’ என்று ஆரம்பிக்கும் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான், சாவி புது வீட்டுக்கே வந்துவிட்டது. ரீஸ்டார்ட். பென் டிரைவை மறக்காமல் உருவினான். (பாதிப் பேர் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று கொண்டுவருவதே, பின்னால் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு மறந்ததால்தானாம். வாட்ச்மேன் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார்.) இருபது செகண்டில் திருவண்ணாமலை கோபுரம்.

“விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு ஐயா. இந்த போர்டுல 11 முறைப்படி ஏறாது. அடுத்த வருஷத்துக்குள்ள மெஷினை மாத்துங்க” என்றான்.

“அதுவும் ரிட்டயர் ஆயிடுச்சா?” என்றார் மாமா. சொந்தக்காரரைப் பற்றி விசாரிக்கிற குரல்.

தேதியைப் பார்த்தால் ஜனவரி 1 என்று காட்டியது. போர்டில் இருக்கும் நாணயம் சைஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. இது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, வாட்ச்மேனின் சீட்டும் மறந்துபோய் ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்த வரிசைக்குப் போய்விடும். இரண்டு டிஸ்க் உள்ள மெஷினில் தப்பான கதவைத் தட்டுவதற்கு அதுவே போதும். தேதி தப்பாக இருந்தால் அரசாங்க வெப்சைட்டும் திறக்காது. நாற்பது ரூபாய் பேட்டரி. மாற்றினான்.

அஞ்சரைக்குச் சுரண்டல் முடிந்தது. 500 ஜி.பி.யில் படிக்க முடியாமல் போனது சில நூறு கிலோபைட். பழைய டிஸ்க்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் புதியதை மாட்டினான். இரண்டையும் சேர்த்து மாட்டக்கூடாதாம். அச்சு அசலாக நகல் எடுத்ததால் டிஸ்க்கின் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஒரே நம்பரில் இரண்டு ரேஷன் கார்டைப் பார்த்த அதிகாரி மாதிரி விண்டோஸ் ஒன்றை நிறுத்தி வைத்துவிடும். அந்த ஒரே எண்ணில் ஒரு லாபமும் உண்டு. டி டிரைவ், டி டிரைவாகவே வந்து நின்றது. டேலியும் வழக்கமான இடத்தில் டேட்டாவைக் கண்டுபிடித்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். ஒவ்வொரு கம்பெனியாகத் திறந்தார். மளிகை வந்தது. டயர் வந்தது. பெயிண்ட் வந்தது. நோட்டீஸ் வந்த கடை வந்தது, அதில் கேட்டிருந்த வருஷமும் இருந்தது. ஒன்பதாவது, அரிசி மண்டி. நடப்பு வருஷம் திறந்தது. 2019-20 மட்டும் திறக்கவில்லை. ஈ டிரைவில் இருந்த பேக்-அப்பைப் போட்டுப் பார்த்தார். அதிலும் அந்த வருஷம் இல்லை. எந்தெந்த ஓட்டையில் எது விழுந்ததோ.

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி டிஸ்க்கைப் பார்த்தான். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த வருஷத்து டேபுக் பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வெச்சிருக்கேன். மார்ச் மாசம் போனப்புறம் உக்காந்து திருப்பிப் போட்டுடலாம். ரெண்டு மாசம் ஆகும்” என்றார். பத்தாவது கம்பெனியைத் திறந்தார்.

கூலி 800 ரூபாய் என்றான் தம்பி. முப்பதாயிரத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தெருக்கள்! மாமா பேரம் பேசவில்லை. டிஸ்க், பேட்டரி, கூலி மூன்றுக்கும் சேர்த்துப் பில் கேட்டார். பில் வந்தது. மேலிருந்து கீழ் வரை படித்தார். டேட்டா அத்தனையையும் இன்னொரு வெளி டிஸ்க்கில் எடுத்து, அதை வீட்டில் வைக்காமல் என் அத்தை வேலை பார்க்கும் ஸ்கூல் பீரோவில் வைக்கப் போவதாகச் சொன்னார். அதுவும் பழைய டிஸ்க்கை வேட்டியில் தனியாகச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே. கடைக்காரர்களின் கணக்கு இருக்கிறது, குப்பையில் போட முடியாது.

படியிறங்கும்போது தம்பி பின்னாலேயே வந்தான். “அடுத்த தடவை யாராவது விண்டோஸ் போட வந்தா, போடப்போற டிஸ்க்கைத் தவிர மத்ததெல்லாம் கழட்டிட்டுப் போடச் சொல்லுங்க ஐயா. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேலைதான்.” மாமா படியிலேயே நின்று அதையும் எழுதிக்கொண்டார்.

20-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தது.

“பதினாலும் போட்டாச்சுடா. அப்புறம், அந்தத் தம்பி கொடுத்த பில்லுல இருந்த ஜி.எஸ்.டி. நம்பரைப் போர்ட்டல்ல போட்டுப் பார்த்தேன்.”

“என்ன மாமா காட்டுது?”

“ஆக்டிவ்!”